தந்தையின் ஓவியங்களை விற்ற மகன்

ஒரு தந்தை மறைந்த பின்னர் அவர் விட்டுச்சென்றவற்றைப் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்னும் வினா மிகப் பழமையானது. நிலமாயின் அளந்து பிரித்துக்கொள்கிறோம். பொன்னாயின் நிறுத்துப் பிரித்துக்கொள்கிறோம். ஆனால், அவர் தம் கைகளாலேயே செய்த ஒன்று எஞ்சியிருக்குமானால் நமக்குத் தயக்கம் வந்துவிடுகிறது. அது அவர் எழுதிய ஏடாக இருக்கலாம்; இழைத்த மரப்பெட்டியாக இருக்கலாம். அதில் அவருடைய உழைப்போடு அவரும் இருப்பதாகவே உணர்கிறோம். அதை விற்பது அவரையே விற்பதாகுமோ என்று அஞ்சுகிறோம். விற்காமல் பூட்டி வைத்தாலோ, அதனால் எவருக்கும் பயனில்லை. காப்பதா, செலவிடுவதா? இவற்றுள் எது நன்றியுடைமை?

இவ்வினாவை நம்முள் புதிதாக எழுப்பியது ஓர் அருங்காட்சியகக் கண்காட்சி. 2018ஆம் ஆண்டு மே மாதம் முதல் செப்டம்பர் வரை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள பார்ன்ஸ் கலைக்கூடத்திலும், அதே ஆண்டு நவம்பர் முதல் 2019 சனவரி வரை பாரிசு நகரத்து ஒர்சே அருங்காட்சியகத்திலும் அது நடைபெற்றது. 'ரெனுவார்: தந்தையும் மகனும் - ஓவியமும் திரைப்படமும்' என்பது அதன் பொருள். தந்தை ஒகுஸ்த் ரெனுவார் (1841-1919), ஒளியையும் காற்றையும் வண்ணங்களில் பிடித்த பிரெஞ்சு ஓவியர்களுள் முன்னணியில் நின்றவர். மகன் ழான் ரெனுவார் (1894-1979), உலகத் திரைப்பட வரலாற்றில் தலைசிறந்த இயக்குநர்களுள் ஒருவராகப் போற்றப்படுபவர். தந்தையின் ஓவியங்களும், மகனுடைய படங்களின் காட்சிகளும், நிழற்படங்களும், உடைகளும், இயக்குநராகும் முன் மகன் வனைந்த மட்கலங்களும் அங்கே ஒருங்கே வைக்கப்பட்டன.

தந்தையின் தூரிகையிலிருந்து மகனின் கேமராவுக்கு எது வந்து சேர்ந்தது என்பதே அத்தகைய கண்காட்சியில் எவரும் கேட்கக்கூடிய வினா. ஆற்றங்கரை, மரநிழல், நடனமாடும் மகளிர் என விடைகள் எளிதில் கிடைக்கும். நாம் இங்கே கேட்க விரும்புவது வேறொன்று. மகனின் முதற்படங்களுக்கு வேண்டிய பணம் தந்தையின் ஓவியங்களை விற்றதனால் கிடைத்தது. அது சரியா?

கையும் கருவியும்

தந்தையின் கதையைச் சிறிது அறிந்தால்தான் அந்த விற்பனையின் பாரம் நமக்கு விளங்கும். லிமோஜ் நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார் ஒகுஸ்த். பதின்மூன்றாம் வயதில் பாரிசில் ஒரு பீங்கான் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். தட்டுகளிலும் கிண்ணங்களிலும் பூக்களை வரைவது அவர் வேலை. ஒரே படத்தை ஆயிரம் தட்டுகளில் அச்சிடும் இயந்திரம் வந்தது. கையால் வரைந்தவர்களுக்கு வேலை போயிற்று. இயந்திரத்தின் மீது அவர் கொண்ட அவநம்பிக்கை இறுதிவரை மாறவில்லை. இயற்கையில் ஓர் இலையைப் போல மற்றோர் இலை இருப்பதில்லை என்றும், ஒழுங்கின்மையே அழகின் அடையாளம் என்றும் அவர் நம்பினார். 1884ஆம் ஆண்டில் 'ஒழுங்கிலார் சங்கம்' ஒன்றை நிறுவவும் திட்டமிட்டார்.

முதுமையில் முடக்குவாதம் அவர் விரல்களை உள்ளங்கையை நோக்கி மடக்கிவிட்டது. தோல் புண்ணாகாதிருக்கக் கையில் துணி சுற்றியிருந்தார்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே, தூரிகையைப் பிறர் எடுத்துக் கொடுக்க, இறுதி நாள்வரை வரைந்தார். 1915ஆம் ஆண்டு சாஷா கித்ரி என்னும் நாடகாசிரியர் பிரான்சின் பெருங்கலைஞர்களைப் படமெடுத்தபோது இவரையும் படமெடுத்தார். அருகில் நின்று உதவும் சிறுவன் அவருடைய கடைசி மகன் குளோது. மடங்கிய அந்தக் கை கித்தானை நோக்கிச் செல்வதை இன்றும் நாம் காணலாம். இயந்திரத்தை நம்பாத அந்தக் கையை நமக்குக் காட்டுவது ஓர் இயந்திரமே!

அதே 1915ஆம் ஆண்டில் இரண்டாம் மகன் ழான் போர்முனையில் தொடையில் குண்டடிபட்டார். காலை வெட்டிவிடும் நிலையிலிருந்து அவரைக் காப்பாற்றப் போராடிய தாய் அலீன், சில வாரங்களில் தாமே இறந்துபோனார். மனைவியை இழந்த தந்தையும் நொண்டிக்கொண்டு நடந்த மகனும் ஒரே வீட்டில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர். அந்நாள்களில் தந்தை சொன்ன பழங்கதைகளை மகன் மனத்திற்கொண்டார். பின்னாளில் அவர் எழுதிய 'என் தந்தை ரெனுவார்' என்னும் நூலுக்கு அவையே வித்து.

விற்பனை

1919 டிசம்பரில் ஒகுஸ்த் மறைந்தார். வீட்டில் நூற்றுக்கணக்கான ஓவியங்கள் இருந்தன. மூன்று மகன்களும் அவற்றைப் பகிர்ந்துகொண்டனர். தந்தையின் விருப்பப்படி ழான் முதலில் மட்கலம் வனைந்தார். பின்னர் திரைப்படம் அவரை ஈர்த்தது. 1926ஆம் ஆண்டில் எமில் சோலாவின் நாவலைத் தழுவி 'நானா' என்னும் படத்தைப் பெருஞ்செலவில் எடுத்தார். அதற்காகத் தம் பங்கில் வந்த ஓவியங்கள் பலவற்றை விற்றார். படம் பெரும் நட்டத்தில் முடிந்தது. ஓவியங்கள் போயின, பணமும் போயிற்று. சுவரில் எஞ்சியவை வெறும் சட்டங்களே. அந்த வெற்றுச் சட்டங்களின் நடுவே வாழ்ந்ததையும், ஒவ்வொரு விற்பனையும் தமக்குத் துரோகமாகத் தோன்றியதையும் அவரே தம் நினைவுக் குறிப்புகளில் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார்.

இவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது. மடங்கிய விரல்களால் வலியோடு வரையப்பட்டவை அவ்வோவியங்கள். அவற்றை விற்று, தந்தை நம்பாத இயந்திரக் கலைக்கு மகன் பணம் கொடுத்தார். ஊதாரி என்று ஊர் சொல்லியிருக்கும்.

ஆனால், அவர் சார்பில் சொல்லக்கூடியவற்றையும் நாம் கேட்க வேண்டும். தந்தைக்கு ஓவியம் வரைவது ஒரு தொழில். அவரே தம் படங்களை விற்றுத்தான் பிள்ளைகளை வளர்த்தார். விற்கப்படுவது ஓவியத்துக்கு இழிவு என்று அவர் ஒருபோதும் எண்ணியதில்லை. மேலும், விற்கப்பட்ட ஓவியங்கள் எரிந்துபோய்விடவில்லை. ஒரு வீட்டுச் சுவரை விட்டு வேறு சுவர்களுக்குச் சென்றன. நாளடைவில் பல ஓவியங்கள் எல்லாரும் காணும் கூடங்களை அடைந்தன.

இவ்விடத்தில் மற்றொரு சொத்தின் கதையையும் நினைவுகூர வேண்டும். ரெனுவாரின் நண்பர் குஸ்தாவ் கேபோத் தாமும் ஓர் ஓவியர், செல்வர். நண்பர்களின் ஓவியங்களை, அவை விலைபோகாத காலத்தில், பணம் கொடுத்து வாங்கி வைத்தவர். 1894ஆம் ஆண்டு அவர் இறந்தபோது, தம் தொகுப்பு முழுவதையும் பிரெஞ்சு அரசுக்கு எழுதி வைத்திருந்தார். அந்த உயில் நிறைவேறச் செய்யும் பொறுப்பை ஒகுஸ்த் ரெனுவாரிடமே ஒப்படைத்திருந்தார். இலவசமாக வந்த செல்வத்தை ஏற்க அரசு தயங்கியது! நெடிய வாதங்களுக்குப் பின் அதில் ஒரு பகுதியையே ஏற்றது. ரெனுவாரின் 'ஊஞ்சல்', 'மூலேன் த லா கலேத் நடனம்' ஆகிய இரண்டும் அவ்வழியில் வந்தவையே. இன்று அவை ஒர்சே அருங்காட்சியகத்தில் உள்ளன. உயில் பொறுப்பு வந்த அதே ஆண்டில்தான் ழான் பிறந்தார். ஓர் ஓவியம் தக்கவரிடம் போய்ச் சேர்வது அதை வரைவதைப் போலவே கடினமானது என்பதைத் தந்தை அறிந்திருந்தார்.

ஆகவே, விற்றதனாலேயே மகன் நன்றி கொன்றவர் ஆகிவிட்டார் என்று நாம் கருதவில்லை. தன்னிடம் தரப்பட்ட தாலந்தை மண்ணில் புதைத்துப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தவன் பாராட்டப்படவில்லை என்பதை நம் வாசகர்கள் நன்கறிவார்கள். செலவிடுவது பாவமன்று. ஆனால், அந்தச் செலவை யார் சுமந்தார்கள் என்று கேட்காமல் இருப்பது சரியாகாது. இங்கேதான் கதை நம்மைச் சற்று உறுத்துகிறது.

கைமாறிய முகம்

முதல் உலகப் போரின் பிற்பகுதியில் அந்த்ரே என்னும் இளம்பெண் தென்பிரான்சிலிருந்த ஒகுஸ்தின் வீட்டுக்கு ஓவிய மாதிரியாக வந்தாள். செம்பட்டைக் கூந்தலும் ஒளியை வாங்கிக்கொள்ளும் மேனியும் உடையவள். அவள் வரவால் முதிய ஓவியருக்குப் புதிய ஊக்கம் பிறந்தது. அவருடைய இறுதிப் பெரும்படைப்பான 'நீராடும் மகளிர்' ஓவியத்துக்கு அவளே மாதிரி. தந்தை இறந்த சில வாரங்களில், 1920 சனவரியில், ழான் அவளை மணந்தார். கேத்ரின் ஹெஸ்லிங் என்னும் புதுப்பெயருடன் அவள் அவருடைய படங்களில் நடித்தாள். மனைவியைத் திரைத்தாரகை ஆக்குவதற்காகவே தாம் திரைப்படத்துக்கு வந்ததாகவும் அவர் பின்னாளில் சொன்னார். 'நானா'வின் நாயகி அவளே.

இதைக் கூர்ந்து நோக்கினால், கித்தான் மட்டும் மகனுக்கு வரவில்லை என்பது புலப்படும். தந்தையின் கித்தானில் ஒளிர்ந்த முகமும் மகனிடம் வந்தது. ஓவியங்களை விற்ற பணத்தில், அந்த ஓவியங்களின் மாதிரியே வெள்ளித்திரையில் தோன்றினாள். 1931ஆம் ஆண்டில் 'லா ஷியென்' என்னும் படத்தில் நாயகி வேடம் தனக்கு வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். ழானும் அதையே விரும்பினார். தயாரிப்பாளர்கள் வேறொருத்தியை வற்புறுத்தினார்கள். ழான் இணங்கினார், படத்தை எடுத்தார். மணவாழ்க்கை அதோடு முறிந்தது. அவளுடைய திரைவாழ்வும் சில ஆண்டுகளில் முடிவுற்றது. ழான் 1979 பிப்ரவரியில் புகழோடு மறைந்தார். அதே ஆண்டு, சில மாதங்கள் கழித்து, அவளும் இறந்தாள். அதை உலகம் அதிகம் கவனிக்கவில்லை.

ஓர் ஓவியத்தைத் தந்தையிடமிருந்து பெறலாம், விற்கலாம், வருந்தவும் செய்யலாம். ஒரு மனித முகம் அப்படிக் கைமாறத்தக்க பொருளா? அவளை வெறும் பலியாடாகக் காட்டுவதும் நேர்மையாகாது. அமெரிக்கப் படங்களை அவள் விரும்பிப் பார்த்தாள், நடிக்க ஆசைப்பட்டாள், அவளுக்கெனக் கனவுகள் இருந்தன. ஆயினும், இரண்டு பெருங்கலைஞர்களின் இடையே நின்ற அவளை உலகம் ஒருவரின் மாதிரி என்றும், மற்றவரின் மனைவி என்றுமே குறித்து வைத்திருக்கிறது. கலைக்காகக் கொடுக்கப்பட்ட விலைகளுள் எந்தக் கணக்கேட்டிலும் ஏறாத விலை இதுவே.

இன்னொன்றையும் மறக்கலாகாது. படமாக்கப்படுவது எப்படியிருக்கும் என்பது ழானுக்குத் தெரியும். சிறுவயதில் அவருடைய பொன்னிறக் கூந்தலை வரைவதில் தந்தைக்கு அத்துணை விருப்பம். பள்ளிக்குப் போகும் வயதுவரை அதை வெட்டவிடவில்லை. தலையில் நாடா கட்டித் தைத்துக்கொண்டிருக்கும் குழந்தையாக அவரைக் காட்டும் ஓவியம் சிகாகோ அருங்காட்சியகத்தில் உள்ளது. தெருப்பிள்ளைகள் பெண்பிள்ளை என்று கேலி செய்தார்கள். தந்தையின் அன்பு, தந்தையின் கண்ணுக்கு ஏற்ற கோலத்தில் மகனை நிறுத்தி வைத்தது. அன்புதான் அது, ஐயமில்லை. அன்பிலும் ஒருவரை நம் படமாகவே வைத்துக்கொள்ளும் ஆசை ஒளிந்திருக்கக்கூடும் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பெற்றோராகிய நம்மில் எத்தனை பேர் இக்குற்றத்திலிருந்து தப்பியவர்கள்?

மேற்சொன்ன 'லா ஷியென்' படத்தின் கதைநாயகன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவியம் வரையும் ஓர் எளிய காசாளன். அவன் ஓவியங்களை வேறொருத்தியின் பெயரில் விற்றுப் பிறர் பணம் சேர்க்கிறார்கள். இறுதியில் அவன் தெருவில் அலையும் பரதேசியாகிறான். ஒரு கலைக்கூடத்தின் வாயிலில், அவனுடைய சொந்த முகத்தை அவனே வரைந்த ஓவியம் ஒன்றை யாரோ வாங்கிக் காரில் வைத்துக் கொண்டுபோகிறார்கள். அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. அக்கதை ழானுடையதன்று, பிறர் எழுதிய நாவல். எனினும் வெற்றுச் சட்டங்களின் நடுவே வாழ்ந்த ஒருவர் அக்காட்சியை எடுத்தார் என்பதை எண்ணும்போது, ஒரு முகம் விலைபோய்த் தெருவில் மறையும் அந்தக் கணம் நம் நெஞ்சில் தங்கிவிடுகிறது.

ஊஞ்சலும் மழையும்

அப்படியானால் தந்தையின் உண்மையான சொத்து எது? அதை அறிய 'ஊஞ்சல்' ஓவியத்தையே பார்க்கலாம். 1876ஆம் ஆண்டில் வரையப்பட்டது அது. தோட்டத்தில் ஊஞ்சற்பலகையின் மேல் ஒரு பெண் நிற்கிறாள். இலைகளின் ஊடே விழும் வெயில் அவள் உடையிலும் மண்ணிலும் புள்ளிபுள்ளியாகச் சிதறிக் கிடக்கிறது. ஊஞ்சல் ஆடவில்லை. அந்த நண்பகல் என்றுமே முடியாத நண்பகல்.

அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1936ஆம் ஆண்டில், மோப்பசானின் சிறுகதையைக் கொண்டு ழான் எடுத்த குறும்படம் 'கிராமப்புறத்தில் ஒரு நாள்'. பாரிசிலிருந்து ஒரு கடைக்காரரின் குடும்பம் ஆற்றங்கரைக்கு உல்லாசமாக வருகிறது. மகள் ஊஞ்சலில் ஏறி நின்று ஆடுகிறாள். கேமராவும் அவளோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. வானம் எழுந்து தாழ்கிறது. தந்தையின் கித்தானில் அசையாது நின்ற ஊஞ்சலை மகன் ஆட்டிவிட்டாரோ என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் படம் அங்கே முடியவில்லை. மாலையில் காற்று எழுகிறது, நாணல்கள் வளைகின்றன, ஆற்றின் மேல் மழை கொட்டுகிறது. ஆண்டுகள் கழிகின்றன. பொருந்தாத கணவனோடு அதே ஆற்றங்கரைக்கு வரும் அப்பெண், அன்று தன் மனத்தைத் தொட்டவனைக் கண்டு கண்ணீர் விடுகிறாள். உலகில் துன்பம் போதிய அளவு இருக்கிறது, ஓவியம் இனிமையானதாக இருக்கட்டும் என்று கருதியவர் தந்தை. அவர் ஒதுக்கி வைத்த மழையை மகன் தம் படத்தில் பெய்யவிட்டார். தந்தையை மறுப்பதற்காக அன்று. தந்தை காட்டிய நண்பகல் எவ்வளவு அருமையானது என்பது, அது கழிந்துபோன பின்னரே முழுமையாக விளங்குகிறது.

இங்கே இரு கலைகளின் இயல்பையும் நாம் எண்ணிப் பார்க்கலாம். ஓவியம் ஒரு கணத்தைப் பற்றிக்கொள்ளும் கலை. திரைப்படமோ ஒவ்வொரு கணத்தையும் விட்டுவிடும் கலை. ஒரு படம் போனால்தான் அடுத்த படம் வரும். எதையும் நிறுத்தி வைக்கும் உரிமை அங்கே இல்லை. தந்தையின் கித்தான்கள் ஒவ்வொன்றாகச் சுவரை விட்டுப் போவதைக் கண்ட மகன், போகின்றவற்றை அன்போடு நோக்கும் கலையில் தேர்ந்தவரானது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை. பற்றிக்கொள்வது அன்பின் ஒரு பாதி, விடைகொடுப்பது மறுபாதி.

1939ஆம் ஆண்டில் அவர் எடுத்த 'ஆட்டத்தின் விதி' என்னும் படத்தில் அவரே ஏற்ற பாத்திரம் ஒரு கருத்தைச் சொல்கிறது: உலகில் அச்சந்தருவது ஒன்றுண்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் நியாயம் இருக்கிறது. அவர் படங்களில் முழுத்தீயவர் அரிதாகவே தோன்றுகிறார். வெயிற்புள்ளி யார் மேல் விழும் என்று பார்த்து விழுவதில்லை. சீமாட்டியின் மீதும் பணிப்பெண்ணின் மீதும் ஒரேவகையாக விழுகிறது. தந்தையின் ஓவியத்திலிருந்து அவர் பெற்ற செல்வம் இந்தப் பார்வைதான் என்று நாம் துணிந்து சொல்லலாம். இதை விற்க முடியாது, விற்றாலும் குறையாது.

வங்காளத்து நதி

இப்பார்வை ஒருமுறை நம் நாட்டுக்கும் வந்தது. ரூமர் காடன் எழுதிய நாவலைக் கொண்டு 'நதி' என்னும் படத்தை ழான் வங்காளத்தில் எடுத்தார். அது 1951ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவருடைய முதல் வண்ணப்படம் அதுவே. ஒளிப்பதிவு செய்தவர் அவருடைய அண்ணன் மகன் குளோது ரெனுவார். ஓவியரின் பேரன் இந்திய ஆற்றங்கரையின் வண்ணங்களைப் பதிவு செய்தார். அக்கதையில் ஓர் ஆங்கிலக் குடும்பத்துச் சிறுவன் பாம்பு கடித்து இறக்கிறான். நதி நிற்பதில்லை, வீட்டில் இன்னொரு குழந்தை பிறக்கிறது.

இந்தியர்கள் அப்படத்தின் ஓரத்திலேயே நிற்கிறார்கள் என்று குறை சொல்வோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆயினும் அதில் வரும் மெலனி என்னும் பெண்ணை நாம் மறக்க முடியாது. ஆங்கிலத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்து, தான் எங்கே உரியவள் என்று தேடும் பாத்திரம் அது. அதில் நடித்தவர் சென்னை அடையாற்றில் பிறந்து, கலாசேத்திராவில் பரதநாட்டியம் பயின்ற ராதா. படத்தில் அவர் ஆடும் நடனம் அவர் தாமாகக் கற்றுத் தேர்ந்த கலை. படம் முடிந்ததும் அவர் தம் வாழ்வுக்குத் திரும்பினார். பின்னாளில் ராதா பர்னியர் என்னும் பெயருடன் 1980 முதல் 2013இல் தாம் மறையும் வரை பிரம்மஞான சபையின் உலகத் தலைவராக விளங்கினார். கேத்ரினுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. இவருடைய முகத்தை இயக்குநர் கடனாகவே பெற்றார். அது என்றும் இவருடையதாகவே இருந்தது.

படப்பிடிப்புக்கு இடம் தேடி ழான் அலைந்த நாள்களில் அவருடன் சென்ற இளைஞர்களுள் ஒருவர் சத்யஜித் ராய். சில ஆண்டுகளில் 'பதேர் பாஞ்சாலி'யை எடுக்கப் பணமின்றித் தவித்தபோது, அவர் தம் இசைத்தட்டுகளை விற்றார். மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. கலை எங்கே பிறந்தாலும் யாரோ ஒருவர் கழுத்திலிருந்து எதையோ கழற்றித்தர வேண்டியிருக்கிறது. அப்படித் தருபவர் மனமறிந்து தந்தாரா, தந்ததை நாம் நினைவில் வைத்தோமா என்பவையே நாம் கேட்க வேண்டிய வினாக்கள்.

எஞ்சிய ஓர் ஓவியம்

1962ஆம் ஆண்டில், தமக்கு அறுபத்தெட்டு வயது ஆகும்போது, ழான் தம் தந்தையைப் பற்றிய நூலை வெளியிட்டார். தந்தையின் பேச்சும் நடையும் பிடிவாதமும் வேடிக்கையும் அதில் நிறைந்திருக்கின்றன. நீரோட்டத்தில் மிதக்கும் தக்கையைப் போல வாழ்வில் மிதந்து செல்ல வேண்டும் என்பது தந்தையின் கொள்கை என்று அந்நூல் நமக்குச் சொல்கிறது. விற்றுவிட்ட கித்தான்களுக்கு ஈடாக மகன் திருப்பித்தந்த கடன் அந்நூல் என்று கொள்ளலாம். அதில் தந்தை மட்டும் இல்லை. தம்மை வளர்த்த செவிலியும், தந்தையின் ஓவியங்கள் பலவற்றுக்கு மாதிரியாக நின்றவருமான கப்ரியேல் என்னும் கிராமத்துப் பெண்ணையும் அவர் நன்றியோடு நினைக்கிறார். கித்தானில் பெயரின்றி நின்றவளுக்கு அங்கே பெயரும் குரலும் கிடைக்கின்றன. கேத்ரினுக்கு அவர் பட்ட கடன் அவ்வளவில் தீர்ந்துவிட்டதா? தீரவில்லை என்றே நாம் கருதுகிறோம். சில கடன்கள் தீர்வதில்லை. அவற்றை மறவாதிருப்பது மட்டுமே நம்மால் இயல்வது.

எல்லா ஓவியங்களையும் அவர் விற்றுவிடவில்லை. பதினைந்து வயதுப் பையனாகத் துப்பாக்கியும் கையுமாக, அருகில் நாயோடு அவர் நிற்கும் 1910ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது தாய்நாட்டை விட்டு அமெரிக்கா சென்று குடியேறிய பின், பெவர்லி ஹில்சில் இருந்த அவர் வீட்டுச் சுவரில் அது இறுதிவரை தொங்கியது. தந்தை தம்மைக் கண்ட கோலத்தை மட்டும் அவரால் விற்க முடியவில்லை போலும். அவருடைய மறைவுக்குப் பின் அதுவும் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட அருங்காட்சியகத்துக்குக் கொடையாகச் சென்றது. இப்போது அதை எவரும் சென்று காணலாம்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். காப்பதா, செலவிடுவதா? ரெனுவார் குடும்பத்தின் கதை நமக்கு ஒற்றைச்சொல் விடை எதையும் தரவில்லை. ஆனால், நம்மை நாமே கேட்டுக்கொள்ள மூன்று வினாக்களைத் தருகிறது. நாம் பெற்றதை அன்பினால் காக்கிறோமா, அச்சத்தினால் காக்கிறோமா? செலவிடுகிறோமாயின், அதனோடு நம் உழைப்பையும் சேர்த்துச் செலவிடுகிறோமா? நமக்காக வேறு யார் விலைகொடுக்கிறார்கள், அவரை நாம் பெயர் சொல்லி நினைக்கிறோமா?

நம் வீடுகளில் ரெனுவாரின் ஓவியங்கள் இல்லை. ஆயினும் ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவருடைய கைகள் செய்து வைத்த ஏதோ ஒன்று இருக்கிறது. நம்மைப் படிக்க வைக்க விற்கப்பட்ட ஒன்றும் இருந்திருக்கும். அதன் இடம் இன்று வெறுமையாய் இருக்கும். அந்த வெற்றிடத்தை அடுத்த முறை கடந்து செல்லும்போது சற்றே நின்று பார்ப்போம். அங்கே இருந்தது என்ன, அதைக் கழற்றிக் கொடுத்தவர் யார் என்று நம் பிள்ளைகளிடம் சொல்வோம்.